என் அண்ணன் எதுல சேர்த்தி, டீச்சர்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். டர்பன்காரர்கள் அதைத் தமிழ்ப் பள்ளி என்று சொல்ல மாட்டார்கள், 'வெர்னாக்' என்பார்கள். வெர்னாகுலர் ஸ்கூல் என்பது நாலு தலைமுறையில் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. பதினோரு பிள்ளைகள் வருகிறார்கள், கூட ஒரு பெரியவர். வயது 73. பேச்சில் தமிழ் ஓரளவு இருக்கிறது, எழுத்து தெரியாது. தேவாரத்தை இங்கிலீஷ் எழுத்தில் அச்சடித்து வைத்துப் பாடுவது இங்கே சகஜம். "சாவறதுக்குள்ள ஒரு பாட்டயாவது நம்ம எழுத்துல படிக்கணும்" என்று சொல்லிக்கொண்டு வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தவர் இவர். ஊர் வழக்கப்படி நான் அவரை அங்கிள் என்கிறேன். அவர் என்னை டீச்சர் என்கிறார், என் அப்பா வயது அவருக்கு.

வாசிப்புப் பயிற்சிக்கு ஒருநாள் இணையத்திலிருந்து தமிழ்ப் பத்திரிகைத் தலைப்புகளை அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன். அங்கிள் எழுத்துக்குக் கீழே விரலை வைத்து நகர்த்தி, 'தீ... வி... ர... வா... தி' என்று கூட்டினார். அர்த்தம் கேட்டார். "டெரரிஸ்ட், அங்கிள்." அடுத்த தாளில் 'பயங்கரவாதி' வந்தது. அதற்கும் அதையே சொன்னேன். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றார். சரியாகப் பார்த்தால் தீவிரவாதி என்பவர் கொள்கையில் தீவிரமாக இருப்பவர், பயங்கரவாதி என்பவர் ஜனங்களைப் பயமுறுத்திக் காரியம் சாதிப்பவர். ஆனால் நம்மூர்ப் பத்திரிகையில் தலைப்புக்கு எத்தனை அங்குலம் இருக்கிறதோ அதைப் பொறுத்து ஒன்றைப் போடுவார்கள் என்று சொல்லி, அப்புறம் 'போராளி' என்று ஒரு வார்த்தை இருப்பதையும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப என் அண்ணன் எதுல சேர்த்தி, டீச்சர்?"

பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எனக்கு உடனே பதில் வரவில்லை. அன்றிலிருந்து நாலைந்து மாதமாக அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அல்லாடுகிறேன்.

அண்ணன் கதை இதுதான். அவர் ஒரு அச்சகத்தில் கம்பாசிட்டர், அதாவது அச்செழுத்துக் கோர்ப்பவர். 1974 செப்டம்பர் 25ஆம் தேதி டர்பன் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் ஒரு கூட்டம் நடந்தது. பக்கத்து நாடான மொசாம்பிக்கில் போர்த்துகீசியர் ஆட்சி முடிந்து ஃப்ரெலிமோ இயக்கத்தின் கைக்கு அதிகாரம் வந்துகொண்டிருந்த நேரம். அதைக் கொண்டாட மாணவர்கள் கூப்பிட்ட கூட்டம், அமைச்சர் தடை போட்டும் ஜனம் கூடிவிட்டது. அதற்கான துண்டறிக்கைகளில் சிலவற்றை அண்ணன் வேலை நேரம் முடிந்த பிறகு ஓட்டிக் கொடுத்திருக்கிறார். அக்டோபரில் ஒரு விடிகாலை போலீஸ் வந்தது. வீட்டில் அம்மாவுக்குத் தமிழும் கொஞ்சம் ஜூலுவும் மட்டும்தான் தெரியும். அழைத்துப் போகிறவர்கள் அம்மாவிடம் சொன்ன ஒரே வார்த்தை 'டெரரிஸ்ட்'. அம்மா பக்கத்து வீட்டில் போய் அதற்கு அர்த்தம் கேட்டிருக்கிறார். "ஆளுங்கள பயங்காட்டறவன்னு அர்த்தம்" என்று சொன்னார்களாம். "அவனா? கோழி அறுத்தா கொல்லப்பக்கம் ஓடிப்போறவனாச்சே" என்றாராம் அம்மா. இதைச் சொல்லும்போது அங்கிளுக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. ஐந்து மாதம் கழித்து அண்ணனை விட்டார்கள். வழக்கும் இல்லை, விளக்கமும் இல்லை. வலது காது மட்டும் அதற்குப் பிறகு சரியாகக் கேட்கவில்லை.

அவரைப் பிடித்த சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1967ஆம் ஆண்டின் 83ஆம் எண் சட்டம், பெயரே பயங்கரவாதச் சட்டம். அதில் பயங்கரவாதத்துக்குக் கொடுத்திருக்கும் இலக்கணத்தைப் படித்தபோது தலை சுற்றியது. சட்டம் ஒழுங்குக்கு ஆபத்து விளைவிக்கும் எண்ணத்தோடு செய்யப்படும் எந்தக் காரியமும் பயங்கரவாதம். சரி, எண்ணம் இருந்ததா என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு பட்டியல். செய்த காரியத்தால் வெள்ளையருக்கும் மற்றவர்களுக்கும் இடையே பகை வளர வாய்ப்பிருந்தாலோ, போக்குவரத்து தடைப்பட்டாலோ, யாருக்காவது பெருத்த பண நஷ்டம் வந்தாலோ, அரசு நிர்வாகத்துக்குச் சங்கடம் உண்டானாலோ, எண்ணம் இருந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர், அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாமல். குறைந்தபட்சத் தண்டனை ஐந்து ஆண்டு, அதிகபட்சம் தூக்கு. 1967இல் இயற்றிய சட்டம் 1962 ஜூன் மாதத்திலிருந்தே அமலில் இருந்ததாகப் பாவிக்கப்பட்டது. ஆறாம் பிரிவின்படி எவ்வளவு காலம் வேண்டுமானாலும் அடைத்து வைக்கலாம், நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது. கறுப்பினத் தலைவர் ஸ்டீவ் பிக்கோ 1977இல் செத்தது இந்த ஆறாம் பிரிவுக் காவலில்தான். அரசுக்குச் சங்கடம் தருவது பயங்கரவாதம் என்றால் நம்மூர் டீக்கடை பெஞ்சில் ஒருத்தர் மிஞ்ச மாட்டார்.

அந்தக் கரீஸ் ஃபவுண்டன் கூட்டத்தை வைத்து ஒன்பது பேர் மேல் வழக்கு நடந்தது. அதில் சாத்ஸ் கூப்பர், ஸ்ட்ரினி மூட்லி என்ற டர்பன் பையன்களும் உண்டு. (மூட்லி வேறொன்றுமில்லை, நம்ம முதலிதான் கப்பல் ஏறி அப்படி ஆகியிருக்கிறார்.) சாட்சியமாக நீதிமன்றத்துக்கு வந்தவை பேச்சுகள், கவிதைகள், நாடகங்கள். குண்டும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. 1976 டிசம்பரில் ஒன்பது பேரும் அந்தச் சட்டத்தின் கீழ் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தச் சட்டம் வந்தபோது பிரதமர் ஜான் ஃபோர்ஸ்டர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இதே ஃபோர்ஸ்டர், பிரிட்டனோடு சேர்ந்து போரிடக் கூடாது என்று கிளம்பிய ஒரு ஆப்பிரிகானர் (டச்சு வம்சத்து வெள்ளையர்) இயக்கத்தில் இருந்தவர். அந்த இயக்கத்தின் அடிதடிப் பிரிவு மின்கம்பங்களையும் தந்திக் கம்பிகளையும் தகர்த்தது. அரசு 1942இல் ஃபோர்ஸ்டரைப் பிடித்து, விசாரணை இல்லாமல் ஒரு முகாமில் அடைத்தது. இருபது ஆண்டு கழித்து மண்டேலாவின் ஆட்கள் முதலில் குறிவைத்ததும் மின்கோபுரங்களையும் அரசு அலுவலகங்களையும்தான். கம்பம் விழுந்தால் என்ன பெயர் என்பது ஃபோர்ஸ்டருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் தெரிந்திருக்கும்.

நம் ஆட்களின் கதையில் தம்பி நாயுடு குடும்பம் வராமல் இருக்காது. மொரீஷியஸில் பிறந்து ஜோகன்னஸ்பர்க் வந்து, காந்தியோடு சத்தியாகிரகத்தில் எத்தனையோ முறை சிறை போனவர் தம்பி நாயுடு. அவர் பேரன் இந்திரஸ் நாயுடு 1963இல் வெடிவைப்பு வழக்கில் பிடிபட்டு பத்தாண்டு ராபன் தீவில் இருந்தார். பேத்தி சாந்தி நாயுடு 1969இல் பயங்கரவாதச் சட்டக் காவலில் தனிமைச் சிறையில் வைக்கப்பட்டார். வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்லச் சொன்னார்கள், முடியாது என்றார். தாத்தா அடி வாங்கிக்கொண்டு கையைக் கட்டி நின்றவர், பேரன் வெடிமருந்து தூக்கியவர். ஒரே வீடு. தாத்தாவைப் பற்றிப் பேசக் கோயில் விழாவில் மேடை போடுவார்கள். பேரனைப் பற்றிப் பேச்சு எடுத்தால் சிலர் தேநீர் எடுத்துவர எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

மண்டேலா 1964 ஏப்ரலில் ரிவோனியா வழக்கில் பேசியபோது இந்த விஷயத்தை நேராகவே எடுத்தார். வன்முறை நாலு வகை என்றார். நாசவேலை, கொரில்லாப் போர், பயங்கரவாதம், வெளிப்படையான புரட்சி. நாங்கள் முதலாவதைத் தேர்ந்தெடுத்தோம், உயிர்ச் சேதம் இல்லாத வழி அது என்றார். அதாவது பயங்கரவாதம் என்று ஒன்று உண்டு, அது இதிலிருந்து வேறு என்று கூண்டில் நிற்பவரே கோடு போட்டுக் காட்டினார். எதிரே இருந்தவர்கள் நாலையும் ஒரே சாக்கில் கட்டினார்கள். 1987இல் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரும் மண்டேலாவின் கட்சியான ஏ.என்.சி.யை ஒரு சராசரிப் பயங்கரவாத அமைப்பு என்றார். அமெரிக்காவின் கண்காணிப்புப் பட்டியலில் இருந்து மண்டேலா பெயரை எடுக்க 2008இல் தனியாக ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. அதற்குள் அவர் நோபல் பரிசு வாங்கி, ஜனாதிபதியாக இருந்து, ஓய்வும் பெற்று, 90 வயதைத் தொடப் போகிறார்.

ஒருவருக்குப் பயங்கரவாதி, இன்னொருவருக்கு விடுதலை வீரர். இப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம், நானும் பல வருஷம் அப்படித்தான் தலையாட்டிக்கொண்டு இருந்தேன். இப்போது அந்த வாக்கியத்தைக் கேட்டால் எரிச்சல் வருகிறது. பேரை வைப்பவர் யார் என்று மட்டும்தான் அது கேட்கிறது. செத்தது யார் என்று கேட்பதில்லை.

நான் வேலைக்குத் துறைமுகப் பக்கம் போகிறவள். தினமும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சாலமன் மஹ்லாங்கு டிரைவ் வழியாகத்தான் காரை ஓட்டுகிறேன். 2008இல் டர்பன் தெருக்களுக்குப் பெயர் மாற்றியபோது வந்த பெயர் அது. பழைய பெயர் எட்வின் ஸ்வேல்ஸ் வி.சி. டிரைவ். இன்றும் பழைய ஆட்கள் 'எட்வின் ஸ்வேல்ஸ்ல ட்ராஃபிக்' என்றுதான் சொல்வார்கள். இரண்டு பேரும் யார் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது, அங்கிள் கேட்ட பிறகு தேடினேன்.

மஹ்லாங்கு ஏ.என்.சி.யின் ஆயுதப் பிரிவில் பயிற்சி எடுத்துத் திரும்பிய பையன். 1977 ஜூனில் ஜோகன்னஸ்பர்க் கோக் தெருவில் போலீஸ் துரத்தியபோது அவர் கூட்டாளி சுட்டதில் இரண்டு வெள்ளையர் செத்தார்கள், சாதாரணக் குடிமக்கள். சுட்டவர் பிடிபட்டபோது வாங்கிய அடியில் மூளை பாதிக்கப்பட்டு விசாரணைக்கே தகுதியில்லாமல் போனார். சுடாத மஹ்லாங்குவைக் கொலைக்கும் பயங்கரவாதத்துக்கும் சேர்த்து 1979 ஏப்ரல் 6ஆம் தேதி தூக்கில் போட்டார்கள். வயது 22.

ஸ்வேல்ஸ் நம்ம டர்பன் பக்கத்து இனாண்டாவில் பிறந்த விமானி. 1945 பிப்ரவரி 23ஆம் தேதி ராத்திரி ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரின் மேல் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டபோது, மேலேயே சுற்றிக்கொண்டு எங்கே போட வேண்டும் என்று வழிகாட்டியவர் அவர். தன் விமானம் அடிபட்ட பிறகும் வேலை முடியும் வரை நகரவில்லை. திரும்பும் வழியில் கூட இருந்தவர்களைக் குதிக்கச் சொல்லி, அவர்கள் குதிக்கும் வரை விமானத்தை நேராகப் பிடித்திருந்து செத்தார். சந்தேகமே இல்லை, தைரியசாலி. அதற்குத்தான் விக்டோரியா கிராஸ். கீழே அந்த நகரத்தில் அந்த ராத்திரி செத்தவர்கள் சுமார் 17,600 பேர்.

நான் காரை ஓரமாக நிறுத்தி ஒன்றும் யோசிக்கவில்லை, அங்கே நிறுத்தினால் லாரிக்காரன் ஏற்றிவிடுவான். ஆனால் மறுநாளிலிருந்து அந்தப் பச்சைப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் விமானப்படைக்குப் போன உத்தரவு, எதிரி நாட்டு மக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின், மன உறுதியை உடைப்பதையே குறிக்கோளாக வைத்தது. 1945 மார்ச் கடைசியில் சர்ச்சிலே ஒரு குறிப்பில், வேறு சாக்குச் சொல்லிக்கொண்டு பீதியைக் கூட்டுவதற்காகவே ஜெர்மன் நகரங்களில் குண்டு போடுவதை மறுபரிசீலனை செய்யும் நேரம் வந்துவிட்டது என்று எழுதினார். தளபதிகள் முகம் சுளிக்க, அந்தக் குறிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு மென்மையாக வேறொன்று எழுதிக் கொடுத்தார். ஜனங்களைப் பயமுறுத்திக் காரியம் சாதிப்பது என்று நான் அங்கிளுக்குச் சொன்ன அர்த்தம் இதில் எங்கே பொருந்தவில்லை? ஹிட்லரைத் தோற்கடித்தாக வேண்டும் என்பது நியாயம்தான், அதில் எனக்கு மறுப்பே இல்லை.

இங்கேதான் நான் வந்து நிற்கிறேன். இரண்டு கேள்விகளைப் போட்டு ஒன்றாகக் கலக்குகிறோம். எதற்காகச் சண்டை என்பது ஒன்று. கை யார் மேல் விழுந்தது என்பது இன்னொன்று. போர்ச் சட்டம் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. உன் காரணம் எவ்வளவு புனிதமாக இருந்தாலும் சரி, ஆயுதம் எடுக்காதவனைக் குறிவைக்காதே என்கிறது. 'பயங்கரவாதம்' என்ற சொல்லை வைத்து எழுதும் சட்டங்கள் இரண்டையும் கலந்து, மூன்றாவதாக யார் செய்தது என்பதையும் சேர்த்துக் குழப்புகின்றன.

ஏ.என்.சி.க்கு இது புரிந்திருந்தது என்பது எனக்கு ஆச்சரியம். 1977இல் ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு ஒரு கூடுதல் நெறிமுறை வந்தது. காலனி ஆட்சி, அந்நிய ஆக்கிரமிப்பு, இனவெறி அரசு ஆகியவற்றை எதிர்த்து மக்கள் நடத்தும் சண்டையையும் அது நாடுகளுக்கு இடையிலான போராகவே ஏற்றது. மக்களிடையே பீதி கிளப்புவதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட தாக்குதலைத் தடையும் செய்தது. 1980 நவம்பரில் ஏ.என்.சி. தலைவர் ஆலிவர் டாம்போ ஜெனீவா போய், நாங்கள் இதற்குக் கட்டுப்படுகிறோம் என்று செஞ்சிலுவைச் சங்கத்திடம் எழுத்தில் கொடுத்தார். நாடே இல்லாத ஓர் இயக்கம் தன்னைத்தானே சட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியது. நாடு வைத்திருந்த பிரிட்டோரியா அரசு அதில் கையெழுத்துப் போடவில்லை. 1995இல் மண்டேலா ஆட்சியில்தான் தென்னாப்பிரிக்கா சேர்ந்தது.

ஏ.என்.சி.காரர்கள் எழுதிக் கொடுத்தபடி நடந்தார்களா என்றால், அங்கே அங்கிளுக்கும் பிடிக்காத பகுதி வருகிறது.

டர்பனுக்குத் தெற்கே அமன்சிம்டோட்டி. 1985 டிசம்பர் 23, கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முன்பு. ஆண்ட்ரூ சோண்டோ என்ற 19 வயதுப் பையன் கடைவளாகத்துக் குப்பைத்தொட்டியில் குண்டு வைத்தான். ஐந்து பேர் செத்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. மூன்று நாள் முன்னால் தென்னாப்பிரிக்கப் படையினர் லெசோத்தோ தலைநகருக்குள் புகுந்து ஒன்பது பேரைக் கொன்றிருந்தார்கள், அதற்குப் பதிலடி என்றான். எச்சரிக்கை கொடுக்கப் போன் தேடியதாகவும் கிடைக்கவில்லை என்றும் சொன்னான். 1986 செப்டம்பரில் தூக்கு. இன்று அந்தக் கடைவளாகம் இருக்கும் சாலைக்கு ஆண்ட்ரூ சோண்டோ சாலை என்று பெயர். பெயர்ப்பலகையில் யாராவது பெயிண்ட் அடிப்பதும் மாநகராட்சி மாற்றுவதுமாக இருந்தது ஒரு காலம். எட்டு வயது மகனை அந்தக் குண்டில் இழந்த அப்பா ஒருவர், நிறவெறிக் காலக் குற்றங்களை விசாரித்த உண்மை ஆணையத்தின் முன் வந்து, என் பிள்ளை மற்றவர்களின் விடுதலைக்காகச் செத்தான் என்று நினைக்கிறேன் என்ற அர்த்தத்தில் பேசினார். அந்த மனசு எனக்கு வராது. எல்லோருக்கும் வர வேண்டும் என்று கேட்பதும் அநியாயம்.

கோடு எங்கே என்று கேட்டால் சில இடங்களில் நிஜமாகவே மங்கலாகத்தான் இருக்கிறது. 1980களில் வடக்கு எல்லைப் பக்கப் பண்ணைகளில் ஏ.என்.சி. கண்ணிவெடி புதைத்தது. அங்கே வெள்ளைப் பண்ணைக்காரர்கள் கையில் துப்பாக்கியும் ரேடியோவும் கொடுத்து, அரசு அவர்களைக் காவல்படை போல ஆக்கி வைத்திருந்தது. ஆகவே அவர்கள் படையாட்கள்தான் என்பது வாதம், லேசில் தள்ளிவிட முடியாத வாதமும்கூட. ஆனால் கண்ணிவெடிக்கு ஆள் அடையாளம் தெரியாது. பண்ணையில் கூலிக்குப் போன கறுப்பினத் தொழிலாளிகள் சாக ஆரம்பித்ததும் டாம்போவே நிறுத்தச் சொன்னார். உண்மை ஆணையம் 1998இல் அறிக்கை கொடுத்தபோது, நிறவெறி மனிதகுலத்துக்கு எதிரான குற்றம், அதை எதிர்த்தது நியாயமான போர், ஆனாலும் அந்தப் போரில் ஏ.என்.சி. செய்த சிலவும் மனித உரிமை மீறல் என்று மூன்றையும் சேர்த்தே எழுதியது. வெளியிடவிடாமல் தடுக்க ஆளும் கட்சியான ஏ.என்.சி.யே நீதிமன்றம் போய்த் தோற்றது.

இந்தப் பிரிவினை ஏதோ ஜெனீவாக்காரர் கண்டுபிடித்தது போலப் பேசுகிறேன் என்று யாராவது நினைக்கலாம். பசுக்களே, பார்ப்பனரே, பெண்களே, நோயாளிகளே, பிள்ளை பெறாதவர்களே, அம்பு விடப் போகிறோம், அரண் பார்த்து ஒதுங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போர் தொடங்கிய பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி நம்ம ஆள்தான். மேடையில் இதை எல்லோரும் சொல்வார்கள். இதைப் பாடிய புலவரே அதே ராஜாவைப் பாடிய இன்னொரு பாட்டில், பகைவர் ஊர்த் தெருவைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கினாய் என்றும் புகழ்கிறார். அதை மேடையில் யாரும் சொல்வதில்லை. சோண்டோ தேடிய போனை நினைக்கும்போது எனக்கு முதல் பாட்டும், ஃபோர்ட்ஸ்ஹைம் என்றால் ரெண்டாவதும் ஞாபகம் வருகிறது.

தமிழில் இதை எழுதிவிட்டு இலங்கையைத் தொடாமல் போனால் கோழைத்தனம். 1979இல் வந்த அங்கத்திய பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தால், நம்ம 1967 சட்டத்தின் சாயல் அடிக்கும். அது வந்தபோது பதினெட்டு மாதம் வரை வழக்கில்லாத காவல், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியம். அந்தச் சட்டத்தில் போன பெடியள் எத்தனை பேர் என்பது யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். 2009இல் பாதுகாப்பு வலயம் என்று தானே அறிவித்த இடத்தில் அரசு ஷெல் அடித்தது. அதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. 1996 ஜனவரியில் கொழும்பு மத்திய வங்கியில் புலிகளின் லாரிக் குண்டு வெடித்து, வேலைக்கு வந்த குமாஸ்தாக்களும் தெருவில் போனவர்களும் 90 பேருக்கு மேல் செத்ததைச் சொல்லும்போதுதான் குரல் இறங்குகிறது. இறங்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். டர்பனில் இருந்துகொண்டு சொல்வது சுலபம் என்று ஒரு யாழ்ப்பாணத்துத் தோழி திட்டினாள். அதுவும் சரிதான்.

அவள் இன்னொன்றும் கேட்டாள். "விமானம் வச்சிருக்கிறவன் குண்டு போட்டா யுத்தம், இல்லாதவன் சைக்கிள்ல கட்டிக் கொண்டு போனா பயங்கரவாதம். உன்ர விதி ஆருக்கு வசதி?" படை வைத்திருப்பவனுக்குத்தான் வசதி. சிறையும் நீதிமன்றமும் சட்டப்புத்தகமும் இருப்பவனுக்குக் குப்பைத்தொட்டியில் குண்டு வைக்கும் தேவை வராது. அதனால்தான் விதியை விமானிக்கும் சேர்த்து வைக்க வேண்டும் என்கிறேன். அவளுக்கு இந்தப் பதில் போதவில்லை, எனக்கும் முழுசாகப் போதவில்லை.

நாடுகளுக்கும் இதே தகராறுதான். 1934இல் மார்செய் நகரில் யூகோஸ்லாவிய ராஜாவைச் சுட்டுக் கொன்ற பிறகு, 1937இல், ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கம் ஒரு பயங்கரவாத உடன்படிக்கை எழுதியது. 24 நாடுகள் கையெழுத்துப் போட்டன, உறுதி செய்தது பிரிட்டிஷ் இந்தியா மட்டும். அமலுக்கே வரவில்லை. 1996இலிருந்து ஐ.நா. குழு ஒன்று முழுமையான உடன்படிக்கைக்கு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறது. விடுதலைப் போராட்டத்துக்கு விலக்கு வேண்டும் என்று ஒரு பக்கம், அரசுப் படைகள் செய்வதை இதில் இழுக்கக் கூடாது என்று இன்னொரு பக்கம். ஒவ்வொரு நாடும் தன் ஆளை வெளியே வைத்துவிட்டு இலக்கணம் எழுதப் பார்க்கிறது. தென்னாப்பிரிக்கா 2004இல் புதிதாகச் சட்டம் போட்டபோது தேசிய விடுதலைப் போராட்டத்துக்கு விலக்கு வைத்தது, கூடவே அந்தப் போராட்டம் போர்ச் சட்டத்தை மதித்து நடந்திருக்க வேண்டும் என்றும் ஒரு கொக்கி போட்டது. அடிபட்டவர்கள் எழுதிய சட்டம் என்பது அந்தக் கொக்கியில் தெரிகிறது. 2010இல் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் வெடித்த கார்க் குண்டுகளுக்காக ஹென்றி ஓக்கா என்ற நைஜீரியரை ஜோகன்னஸ்பர்க் நீதிமன்றம் 24 ஆண்டு உள்ளே அனுப்பியது இந்தச் சட்டத்தில்தான்.

இதையெல்லாம் தொகுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு அங்கிள் வீட்டுக்குப் போனேன். ஆன்ட்டி டீயும் முறுக்கும் வைத்தார். அண்ணனைப் பற்றிச் சொன்னேன். உங்கள் அண்ணன் யார் மேலும் கை வைக்கவில்லை, காகிதம்தான் அடித்தார், அவரைத் தீவிரவாதி என்றுகூடச் சொல்ல முடியாது, வேண்டுமானால் போராளி என்று போடலாம் என்றேன். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அண்ணன் போன வருஷம் தவறிவிட்டார். வருஷத் திதிக்கு அட்டை அடிக்கப் போகிறார்கள், பெயருக்குக் கீழே தமிழில் ஒரு வார்த்தை போட வேண்டும். அங்கிள் வகுப்பில் கேட்டது அதற்காகத்தான்.

"போராளின்னு போட வேணாம்" என்றார் ஆன்ட்டி.

ஆன்ட்டியின் மாமா கடற்கரை ஓட்டல் ஒன்றில் வெயிட்டர். அந்தக் காலத்தில் டர்பன் ஓட்டல்களில் வெயிட்டர் என்றாலே நம்ம ஆட்கள்தான். 1986 ஜூன் 14, சனிக்கிழமை ராத்திரி, மகூஸ் பாருக்கு எதிரே கார்க் குண்டு வெடித்தபோது அவர் அதே வரிசையில் இன்னொரு ஓட்டலில் தட்டு எடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் குண்டில் மூன்று பெண்கள் செத்தார்கள், சுமார் 70 பேருக்குக் காயம். வைத்த ஏ.என்.சி.காரர் ராபர்ட் மக்பிரைட், பாதுகாப்புப் போலீஸ்காரர்கள் வந்து குடிக்கும் இடம் என்று நினைத்துத்தான் வைத்ததாகப் பின்னால் சொன்னார், அவருக்கு மன்னிப்பும் கிடைத்தது. மாமாவுக்கு முழங்கையிலும் கழுத்திலும் கண்ணாடி. "முள்ளெடுக்கிற மாதிரி ஊசியால எடுத்தேன். ஒரு மாசம் கழிச்சுக் குளிக்கறப்ப ஒரு துண்டு தானா வெளிய வந்துச்சு. அரிசி மாதிரி இருந்துச்சு" என்று ஆன்ட்டி கட்டைவிரல் நகத்தைக் காட்டினார். மாமா கடைசி வரை அதற்கு ஒரு பெயரும் வைக்கவில்லையாம், 'அந்த பாம்' என்று மட்டும் சொல்வாராம்.

கணவரின் அண்ணனையும் மாமாவையும் ஒரே வீட்டில் வைத்துச் சோறு போட்டவர் ஆன்ட்டி. நான் கொண்டுபோன தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அண்ணன் வேற, அந்த பாம் வேற என்று அங்கிள் வாயைத் திறந்தார். தெரியும் என்றார் ஆன்ட்டி. "அவரு நல்ல மனுஷன். ஆனா அந்த வார்த்தையப் பாத்தா எனக்கு மாமா கைதான் தெரியுது."

டீ ஆறிப்போயிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அங்கிள் நோட்டை எடுத்து வந்து என் முன்னால் விரித்தார். அண்ணன் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் அவரே எழுதியிருந்தார், எழுத்து வரிசை கட்டி நேராக நின்றது. கீழே காலியாக விட்டிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"கம்பாசிட்டர். இதத் தமிழ்ல எப்பிடி எழுதறது, டீச்சர்? 'ம்'முக்கு மேல புள்ளி உண்டா?"

உண்டு என்றேன்.